நெய்வேலி லிக்னைட்டுக்கு எந்தக் கரைப்பான்? மாட்டுங்காவில் போட்ட ஒரு கணக்கு

லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரியை எண்ணெயாக்கிப் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் ஒரு சின்ன ஆட்டோகிளேவ், அதாவது உயர் அழுத்தம் தாங்கும் மூடிய பாத்திரம், இருக்கிறது. அதில் எந்தக் கரைப்பானை ஊற்றுவது? மும்பை மாட்டுங்காவில், ஐ.சி.டி. என்ற வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தில் எம்.டெக். படிக்கும் நெய்வேலிப் பெண் ஒருத்தி என்னிடம் கொண்டுவந்த கேள்வி இது. நான் செம்பூர்வாசி, மாஹுல் பக்கம் ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அவள் தாளில் டொலுவீன், எத்தனால், தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு என்று நான்கு பெயர்கள். "நாலுமே சூப்பர்கிரிட்டிக்கல்தான் மாமா. எதுல எண்ணெய் அதிகமா வருதோ அதை எடுத்துக்கிட்டா போதாதா?"

போதாது என்பது என் கட்சி. இந்த நான்கில் எதை எடுத்தாலும் நிலக்கரியில் கணிசமான பங்கு கரியாகவே அடியில் தங்கிவிடும். அந்தக் கரியை யார் வாங்கிக்கொள்வார்கள், கரைந்து மேலே வந்த சாற்றை எரிபொருளாக்க வேண்டிய ஹைட்ரஜனை யார் தருவார்கள் என்ற இரண்டையும் கேட்டுவிட்டுத்தான் நான்கையும் வரிசைப்படுத்த முடியும்.

அதற்கு முன் இந்த வழியின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். மூடிய கலத்தில் ஒரு திரவத்தைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் திரவத்துக்கும் ஆவிக்கும் இடையே தெரிந்த கோடு மறைந்துபோகும். 1822இல் பிரான்சின் காக்னியார் த லா தூர் இதைக் கவனித்தார். 1869இல் பெல்ஃபாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் கார்பன் டை ஆக்சைடை வைத்து மாறுநிலைப் புள்ளியைத் திட்டமாக வரையறுத்தார். பத்து ஆண்டுகள் கழித்து ஹானே, ஹோகார்த் இருவரும், அந்தப் புள்ளியைத் தாண்டிய வாயு திடப்பொருளைக் கரைக்கும், அழுத்தத்தை இறக்கினால் கரைத்ததைக் கீழே போட்டுவிடும் என்று காட்டினார்கள். அந்த நிலைக்குப் பெயர்தான் சூப்பர்கிரிட்டிக்கல்: ஆவியைப்போல் நுண்துளைக்குள் புகும், திரவத்தைப்போல் சுமக்கும்.

நிலக்கரிக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், 350, 400 டிகிரியில் நிலக்கரியின் பெரிய மூலக்கூறுகள் தாமாகவே உடையத் தொடங்கும். உடைந்த துண்டுகள் அங்கேயே கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டி மறுபடி கரியாகிவிடும். அந்த நேரத்தில் துளைக்குள் சூப்பர்கிரிட்டிக்கல் கரைப்பான் ஓடிக்கொண்டிருந்தால் துண்டுகளை ஒட்டவிடாமல் வெளியே தூக்கி வந்துவிடும். வெளியே அழுத்தத்தைக் குறைத்தால் சாறு ஒரு பக்கம், கரைப்பான் ஒரு பக்கம். சாம்பல் கரியோடு உள்ளேயே நின்றுவிடும். வடிகட்டி வேண்டாம்.

வடிகட்டி வேண்டாம் என்பதன் அருமை, சாதாரணத் திரவக் கரைப்பானில் நிலக்கரியைக் கரைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மைக்ரான் அளவுச் சாம்பல், கூழ் போன்ற சாறு, நூற்றுக்கணக்கான டிகிரி சூடு. காபிப் பொடியை மிக நைசாக அரைத்துவிட்டால் ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்காமல் அடம்பிடிப்பது போலத்தான், அந்த வடிகட்டிகள் படுத்திய பாடு பெரிது.

பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியம் 1970களில் செல்ட்டன்ஹாம் அருகே ஸ்டோக் ஆர்ச்சர்டு ஆய்வு நிலையத்தில் டொலுவீனை வைத்து இந்த வழியைத் தீவிரமாக ஆராய்ந்தது. 1973 எண்ணெய் நெருக்கடி கொடுத்த உந்துதல் அது. நிலக்கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை சாறாக வந்தது. ஆனால் அந்த நாடு கடைசியில் பணம் போட்டுக் கட்டியது இதை அல்ல. வடக்கு வேல்ஸின் பாயின்ட் ஆஃப் அயரில் நாளைக்கு 2.5 டன் நிலக்கரி தின்னும் சோதனை ஆலையை, சிரமமான வடிகட்டியோடு கூடிய திரவக் கரைப்பான் வழிக்கே அமைத்தார்கள். வடிகட்டியின் தொல்லையைச் சகித்துக்கொண்டால் நிலக்கரியில் பெரும்பகுதி கரைந்து வந்துவிடும். மூன்றில் ஒரு பங்கோடு நிற்காது. இந்தத் துறைக்குள் நுழைகிறவர்கள் இதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி ஹைட்ரஜன் கணக்கு. நிலக்கரியில் ஒரு கார்பன் அணுவுக்குச் சுமார் 0.8 ஹைட்ரஜன் அணு இருக்கும். டீசலில் 1.8ஐத் தாண்டும். நூறு கிலோ கார்பனை எடுத்துக்கொண்டால், 0.8இல் ஹைட்ரஜன் 6.7 கிலோ, 1.8இல் 15 கிலோ. எட்டுக் கிலோவுக்கு மேல் வெளியிலிருந்து வர வேண்டும். லிக்னைட்டில் நிறைந்திருக்கும் ஆக்சிஜனை நீராக வெளியேற்றக் கூடுதலாகவும் வேண்டும். கார்பனையும் நீராவியையும் வைத்து ஹைட்ரஜன் செய்தால் ஒரு கிலோவுக்கு, ஏட்டுக் கணக்கிலேயே 11 கிலோ கார்பன் டை ஆக்சைடு கூடவே பிறக்கும். சூடாக்கும் செலவையும் சேர்த்தால் ஆலையில் அது இன்னும் ஏறும். டொலுவீன் இந்த எட்டுக் கிலோவில் ஒரு கிராம்கூடத் தருவதாக எண்ணிவிட வேண்டாம். அது வெறும் வண்டி. அது இறக்கிவைக்கும் சாறு அறை வெப்பத்தில் கண்ணாடிபோல் உறையும் கறுப்புப் பொருள். டீசல் ஆவதற்கு அதற்குப் பிறகு வினையூக்கியும் ஹைட்ரஜனும் தேவை. இந்தச் சாற்றைக் கட்டுரைகளில் 'எண்ணெய்' என்று எழுதுவது வழக்கம்; படிப்பவர்கள் பம்புக்கு வண்டியை விட்டுவிடக் கூடாது.

ஹைட்ரஜனை நேராக நிலக்கரிக்குள் அழுத்துவதுதான் ஜெர்மன் வேதியியலர் பெர்கியுஸின் வழி. 1913இல் காப்புரிமை, 1927இல் லாய்னாவில் ஆலை, 1931இல் கார்ல் போஷோடு நோபல் பரிசு, பிறகு ஜெர்மனியின் போர் விமானங்களுக்குப் பெட்ரோல். இன்று உள்மங்கோலியாவின் ஓர்டோஸில் ஷென்ஹுவா 2008 முதல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் இதே கொள்கையில் எரிபொருள் செய்கிறது. மற்றொரு பெரிய வழி ஃபிஷர்-டிராப்ஷ். நிலக்கரியை முழுக்க வாயுவாக்கி, கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் வினையூக்கியில் கோத்து மெழுகும் டீசலுமாக ஆக்குவது. தென்னாப்பிரிக்காவில் சாசோல் 1955 முதல் செய்கிறது. இந்திய நிலக்கரிக்கு இதுதான் ஓரளவு ஒத்துவரும், ஏனென்றால் நமது மின்நிலையங்களுக்கு வரும் நிலக்கரியில் 35 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். வாயுவாக்கியில் அது கசடாகவோ தூளாகவோ கீழே இறங்கிவிடும். 2024 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகையை அறிவித்ததும் வாயுவாக்கத்துக்குத்தான், கரைப்பானுக்கு அல்ல. 2009இல் டாடா–சாசோல் கூட்டுக்கும் ஜிண்டாலுக்கும் எண்ணெய் செய்வதற்கென்றே ஒடிசாவில் தரப்பட்ட நிலக்கரித் தொகுதிகள், 2014இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீடுகளை மொத்தமாக ரத்து செய்தபோது கைநழுவிப்போயின. பெர்கியுஸின் நேரடி வழியில் இந்தியாவின் அடிவைப்பு சிறியது: துலியாஜானில் ஆயில் இந்தியா அமைத்த, நாளைக்கு 25 கிலோ கையாளும் சோதனை ஆலை. அசாம் நிலக்கரியில் சாம்பல் குறைவு, கந்தகம் அதிகம்.

இந்த இரண்டு பெரிய வழிகளும் ஓர் எம்.டெக். மாணவியின் மேசைக்கு வராதவை. அதனால் அவளுடைய நான்கைப் பார்ப்போம்.

கார்பன் டை ஆக்சைடை முதலில் தள்ளிவிடலாம். அதன் மாறுநிலைப் புள்ளி 31 டிகிரி, 74 பார். பாத்திரம் மலிவு, தீ ஆபத்து இல்லை, போவாய் ஐ.ஐ.டி.யில் மசாலாவிலும் பூவிலும் சாறெடுத்துப் பழகிய அனுபவம் பக்கத்திலேயே இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், நிலக்கரியின் பிணைப்புகளை உடைக்கும் சூடு அங்கே இல்லை; மேலாக ஒட்டியிருக்கும் மெழுகு வரலாம், அவ்வளவுதான். சுவையான உபகதை ஒன்று உண்டு. ஃபிஷரும் டிராப்ஷும் வேலை செய்த மில்ஹைம் நிலக்கரி ஆய்வுக் கழகத்தில்தான் 1960களில் குர்ட் சோசல் சூப்பர்கிரிட்டிக்கல் வாயுக்களின் கரைக்கும் திறனை ஆராயப்போய், காபிக்கொட்டையிலிருந்து கஃபீனை நீக்கும் முறையைக் கண்டார். நிலக்கரிக்காகக் கட்டிய இடத்தின் கார்பன் டை ஆக்சைடு காபிக்குப் போய்ச் சேர்ந்தது. அது அங்கேயே இருக்கட்டும்.

எத்தனால் 241 டிகிரி, 61 பார். இதில் ஒரு நல்ல குணம் இருக்கிறது: ஆல்கஹால்கள் சும்மா சுமப்பதோடு நிற்காமல் ஹைட்ரஜனையும் கொடுக்கும். ஐசோபுரொப்பனாலாக இருந்தால் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டுத் தான் அசிட்டோனாக மாறும். கொஞ்சம் காரத்தைச் சேர்த்தால் இளம் நிலக்கரிகள், முக்கியமாக லிக்னைட், நன்றாகவே கரையும். 1970களின் இறுதியிலேயே அமெரிக்காவிலும் ஜப்பானிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆய்வேட்டுக்குக் கண்ணைப் பறிக்கும் எண்கள் கிடைக்கும். ஆனால் கொடுத்த ஹைட்ரஜனுக்கு ஈடாக ஆல்கஹால் தீர்ந்துகொண்டே வரும். எத்தனாலை எண்ணெய் நிறுவனங்கள் லிட்டர் 60 ரூபாயை ஒட்டியும் அதற்கு மேலும் கொடுத்து வாங்கிப் பெட்ரோலில் கலக்கின்றன. நேராக வண்டியில் ஊற்றக்கூடிய எரிபொருளைச் செலவழித்து, இன்னும் சுத்திகரிக்க வேண்டிய ஒன்றைச் செய்வதற்கு மராட்டியக் கரும்பு விவசாயிகூடச் சிரிப்பார். மெத்தனால் கதை கொஞ்சம் வேறு. லிக்னைட்டிலிருந்தே மெத்தனால் செய்யும் திட்டத்தை நெய்வேலிச் சுரங்க நிறுவனமான என்.எல்.சி. அறிவித்ததுண்டு. ஆனால் லிக்னைட்டை வாயுவாக்கி மெத்தனால் வரை போய்விட்டவர்கள், அதை மறுபடி லிக்னைட்டில் ஊற்றுவானேன்?

டொலுவீன், 319 டிகிரி, 41 பார். வேலை நடப்பது 400 டிகிரி, 100 முதல் 200 பார் வரை. இந்த அழுத்தத்துக்கு நல்ல எஃகுப் பாத்திரம் போதும், அரிப்பு பெரிய பிரச்சினை இல்லை, முந்தைய ஆய்வுகளோடு எண்ணுக்கு எண் ஒப்பிடலாம். புதிதாக எதைச் செய்தாலும் ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே, அந்த இடத்தை டொலுவீனுக்குத் தருவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பாதுகாப்பில் மட்டும் கண்டிப்பு தேவை: டொலுவீனின் ஆவி, ஒரு பொறி பட்டால், 4, 5 டிகிரியிலேயே தீப்பிடிக்கும். 400 டிகிரியில் சூடான பாத்திரத்தின் மூட்டு லேசாகக் கசிந்தாலும் எங்கே போகும் என்று முன்கூட்டியே யோசித்து, அழுத்தம் மீறினால் உடைந்து வழிவிடும் ரப்சர் டிஸ்க்கின் குழாயைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோய் விட வேண்டும். இதைச் செய்ய இடமில்லை என்று கைடு சொன்னால் டொலுவீனை மறந்துவிட வேண்டும்.

பெரிய அளவுக்குப் போனால் டொலுவீனின் சங்கடம் வேறு. ஒரு டன் உலர்ந்த லிக்னைட்டுக்கு ஐந்து டன் டொலுவீன் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு ஒரு சதவீதம் கரியின் துளைகளில் சிக்கித் தொலைந்தாலே 50 கிலோ போயிற்று. கையில் வருவது 300 கிலோ சாறு என்றால், ஆறில் ஒரு பங்குக்குச் சமமான பெட்ரோலியப் பொருளைக் கரியோடு சேர்த்து எரிக்கிறோம். அதனால் ஆய்வில் சாற்றை எடைபோடும் அதே கவனத்தோடு, திரும்பி வந்த டொலுவீனையும் எடைபோட வேண்டும். பல கட்டுரைகள் இந்த எண்ணை நாசூக்காக விட்டுவிடுகின்றன.

இன்னொன்று, ஈரம். நெய்வேலி லிக்னைட் சுரங்கத்திலிருந்து வரும்போது ஏறக்குறைய பாதி தண்ணீர். டொலுவீனுக்கு உலர்த்தியாக வேண்டும். ஒரு டன்னில் 500 கிலோ நீர். அதைச் சூடாக்கி ஆவியாக்க சுமார் 1.3 ஜிகாஜூல். அந்த ஒரு டன்னின் மொத்த வெப்பமே, கிலோவுக்கு 2,600 கிலோ கலோரி என்று எடுத்தால், 11 ஜிகாஜூல்தான். எட்டில் ஒரு பங்கு வெப்பம் உலர்த்தவே போய்விடுகிறது.

இங்கேதான் தண்ணீர் தலையைத் தூக்குகிறது. 374 டிகிரி, 221 பார். அறை வெப்பத்தில் நீரின் மின்காப்பு மாறிலி (உப்பு போன்றவற்றைக் கரைக்கும் குணத்துக்கு ஓர் அளவு) 80ஐ ஒட்டி இருக்கும். மாறுநிலைப் புள்ளியை நெருங்கும்போது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். எண்ணெயைத் தள்ளிக்கொண்டிருந்த தண்ணீர் எண்ணெயைக் கரைக்கும், இதுவரை கரைத்துக்கொண்டிருந்த உப்பைத் துப்பிவிடும். லிக்னைட்டை உலர்த்தவே வேண்டாம், குழம்பாக அரைத்து உள்ளே தள்ளலாம். அதில் இருக்கும் ஈரமே கரைப்பான், தொலைந்தால் வருத்தமில்லை. லிக்னைட்டின் ஆக்சிஜன் பிணைப்புகளை நீராற்பகுத்து, ஒரு பகுதி ஆக்சிஜனைக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றியும் விடுகிறது. அந்த அளவுக்கு, பின்னால் டீசலாக்கும்போது ஹைட்ரஜன் செலவு மிச்சம்.

கேட்க இனிப்பாக இருக்கிறது. சிக்கல்கள் மூன்று, மூன்றும் கனமானவை. துப்பிய உப்பு குழாயிலும் வால்விலும் படிந்து அடைக்கும். நீர் மாறுநிலையை நெருங்கும் கட்டத்தில், குளோரைடு இருந்தால், சாதாரண எஃகை அரிக்கும். ஹேஸ்டல்லாய், இன்கோனெல் போன்ற நிக்கல் உலோகக்கலவைகள் தேவைப்படும், விலையைக் கேட்டால் தலை சுற்றும். மூன்றாவதை ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் பார்க்க முடியாது: வெளியே வரும் தண்ணீர் முழுக்க ஃபீனால். செம்பூரில், மாஹுலில் குடியிருப்பவர்களுக்கு ஆலைக்கழிவின் வாசனை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்த நீரைச் சுத்தப்படுத்தும் செலவைத் தலைப்பிலேயே சேர்க்காத ஆய்வை நான் பாதி ஆய்வு என்பேன். வெப்பநிலையை 500, 600க்கு ஏற்றினால் எண்ணெய் குறைந்து ஹைட்ரஜனும் மீத்தேனுமாக வாயு அதிகரிக்கும்; அது எண்ணெய் தேடுபவர்களுக்கு இழப்பு, வாயு தேடுபவர்களுக்கு வேறொரு துறை.

சாம்பலைப் பொறுத்தவரை நெய்வேலிக்கு அதிர்ஷ்டம். ஒடிசா, ஜார்க்கண்ட் நிலக்கரியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கல்லைச் சூடாக்கி வீணாக்க வேண்டியதில்லை. நான்கு கரைப்பான்களுக்கும் இது பொது.

அடுத்து, அடியில் தங்கும் கரி. ஒரு டன் பச்சை லிக்னைட்டில் தண்ணீரும் சாம்பலும் போக சுமார் 450 கிலோ கரிமப்பொருள். மூன்றில் ஒரு பங்கு சாறு என்றால் 150 கிலோ. 300 கிலோ கரி நிற்கிறது. சூப்பர்கிரிட்டிக்கல் முறையில் வரும் கரி நுண்துளை நிறைந்தது, ஆவியாகும் பொருளும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், நன்றாக எரியும். மும்பையில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நெய்வேலியிலோ சுரங்கத்தின் வாயிலிலேயே கொதிகலன் நிற்கிறது. முதலில் சாற்றை எடுத்துவிட்டுக் கரியை மின்நிலையத்துக்கு அனுப்பலாம். நெய்வேலிக்கு இது புதிய யோசனையும் அல்ல. 1960களில் அங்கே லிக்னைட்டை வாயுவாக்கி யூரியா செய்தார்கள், கட்டியாக்கிக் கரியாக்கி 'லெக்கோ' என்று அடுப்புக்கு விற்றார்கள். அந்தத் தலைமுறை இல்லத்தரசிகளுக்கு லெக்கோவின் தணல் இன்னும் நினைவிருக்கும்.

ஆனால் இதிலும் ஒரு கண்ணி உண்டு. சாறாகப் போனது லிக்னைட்டின் வளமான பகுதி. அதை எடுத்துவிட்டால் கொதிகலனுக்கு வெப்பம் குறையும். அதே மெகாவாட் வேண்டுமென்றால் கூடுதல் லிக்னைட் தோண்ட வேண்டும். 2023இல் நெய்வேலி அருகே வளையமாதேவியில், சுரங்க விரிவாக்க வேலைக்காக, பயிர் நின்ற வயலில் இயந்திரம் இறங்கியதைப் பார்த்தவர்கள், கூடுதலாகத் தோண்டுவதை ஒரு சின்ன எண்ணாக எழுதிவிட மாட்டார்கள். ஒரு டன் லிக்னைட்டிலிருந்து எண்ணெயும் மின்சாரமும் சேர்ந்து எவ்வளவு என்று கணக்கிட்டு, அதை வெறுமனே எரிப்பதோடு ஒப்பிட்டால்தான் இந்த வழிக்கு ஏதாவது நியாயம் இருக்கிறதா என்று தெரியும். என் ஊகம், எண்ணெய் விலை நன்றாக ஏறாத வரையில் நியாயம் மெலிதுதான்.

படித்தபின் வேலை கிடைப்பதுதான் முக்கியம், நிலக்கரி அவசியமில்லை என்றால் ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. சூப்பர்கிரிட்டிக்கல் கரைப்பான் தொழிலாக வென்ற இடம் சுத்திகரிப்பு ஆலையின் அடிமண்டி, அதாவது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் மிஞ்சும் கனமான பகுதி. அமெரிக்காவின் கெர்-மெகீ நிறுவனம் பியூட்டேன், பென்டேன் போன்றவற்றை வைத்து அடிமண்டியிலிருந்து ஆஸ்ஃபால்ட்டைப் பிரித்து, கரைப்பானைச் சூப்பர்கிரிட்டிக்கல் நிலையில் மீட்கும் முறையை வணிக அளவில் கொண்டுவந்தது. கொதிக்கவைத்து ஆவியாக்காமலே கரைப்பான் பிரிந்துவிடுவதால் ஆற்றல் கணிசமாக மிச்சம். அதே நிறுவனம் அலபாமாவின் வில்சன்வில் நிலக்கரித் திரவமாக்கல் நிலையத்தில், கரைந்த நிலக்கரியிலிருந்து சாம்பலைப் பிரிக்கவும் இதை ஓட்டிக் காட்டியது. என் பார்வையில் நிலக்கரித் துறையில் சூப்பர்கிரிட்டிக்கல் கரைப்பானுக்கு உரிய இடம் அதுதான்: நிலக்கரியைக் கரைக்கும் வேலையை வேறொன்றிடம் விட்டுவிட்டு, கரைந்ததிலிருந்து சாம்பலை ஒதுக்கும் வேலை. மாஹுலில் அடிமண்டிக்குப் பஞ்சமில்லை, மாதிரி எடுக்க கைடு ஒரு கடிதம் எழுதினால் போதும், படித்து முடித்ததும் நேர்காணலில் பேசவும் பொருள் இருக்கும்.

அவளிடம் இதைச் சொன்னபோது முகம் சுருங்கியது. "எங்க ஊர் லிக்னைட்டைத்தான் மாமா செய்யணும்." சரி, அப்படியானால் இப்படிச் செய் என்றேன். டொலுவீனில் 350, 400, 420 டிகிரி மூன்றுக்கு மட்டும் அளவுகோல் ஓட்டங்கள். அதற்கு மேல் வேண்டாம். மீதிக் காலம் முழுவதும் உலர்த்தாத லிக்னைட்டும் தண்ணீரும். நிக்கல் கலவைப் பாத்திரத்துக்குப் பணம் கிடைக்காவிட்டால், மாறுநிலைக்குக் கீழே 330, 350 டிகிரியில் நின்றுகொண்டு, உட்பூச்சு மாற்றக்கூடிய சிறு கலத்தில் தொடங்கலாம். தலைப்பிலிருந்து 'சூப்பர்' போனாலும் வேலை போகாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் சாறு, கரி, வாயு, நீர் நான்கையும் எடைபோட்டு நூற்றுக்கு எவ்வளவு கணக்கில் வருகிறது என்று காட்டு. சாற்றின் ஹைட்ரஜன், ஆக்சிஜன் விகிதத்தை அளந்து, டீசலாக்க இன்னும் எத்தனை கிலோ ஹைட்ரஜன் தேவை என்ற பத்தியை அட்டவணையில் சேர். கரியின் கலோரி மதிப்பு, நீரின் ஃபீனால் அளவு இரண்டையும் முதல் மாதத்திலிருந்தே அளக்க ஆரம்பித்துவிடு, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே. மாதிரியைக் காற்றுப்புகாத டப்பாவில் ரயிலில் கொண்டுவரச் சொன்னேன். வழியில் காய்ந்துவிட்டால் தண்ணீர் வழியின் முதல் அனுகூலமே போய்விடும்.